பதிந்தவர் யார்? தாமிரபரணிக் கரையில் முன்னோர் குரலைத் தேடும் வழிகள்

நாடக மேடைப் பாடகர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்தார். 1933 டிசம்பரில் மறைந்தார். வாழ்ந்தது 27 ஆண்டுகள். அவர் மறைந்தபோது தமிழில் பேசும்படம் வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. எந்தப் படத்திலும் அவர் நடிக்கவில்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் எட்டிய குரல் என்று அவரைக் கேட்டவர்கள் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களும் இன்று இல்லை. ஆனாலும் நம்மால் கிட்டப்பாவைக் கேட்க முடிகிறது. பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் அரக்குத் தட்டுகளில் கம்பெனிக்காரர்கள் அந்தக் குரலைப் பிடித்து வைத்தார்கள். தாமிரபரணியில் சேரும் சிற்றாற்றுப் படுகையின் தலைமாட்டில் பிறந்த ஒரு குரல் நூற்றாண்டைத் தொடும் வயதில் இன்னும் பாடிக்கொண்டிருப்பது அதனால்தான்.

அதே காலத்தில் அதே ஊர்களில் இன்னும் எத்தனையோ பேர் பாடினார்கள், வாசித்தார்கள். கிட்டப்பாவுக்குப் பின்பாட்டுப் பாடியவர்கள், மிருதங்கம் தட்டியவர்கள், திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரத்துக் கோயில்களில் நாதஸ்வரமும் தவிலும் வாசித்தவர்கள், சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் விடிய விடிய வில்லடித்தவர்கள், மகுடம் அடித்து ஆடிய கணியான்கள், தேவாரம் ஓதிய ஓதுவார்கள். இவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். "எங்க தாத்தா ரிக்கார்டு கொடுத்திருக்காருன்னு சொல்லுவாங்க" என்ற ஒற்றை வரி மட்டும் பல வீடுகளில் மிஞ்சியிருக்கிறது. அந்தத் தட்டு எங்கே? இல்லாவிட்டால் அதன் நகல் எங்கே? கேட்கவே முடியாதா? இந்தக் கேள்விகளுக்கு இன்றைக்கு எவ்வளவு தூரம் பதில் சொல்லமுடியும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

தேடுகிறவர்கள் பெரும்பாலும் தாத்தாவின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். இயல்புதான். ஆனால் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் வழி சீக்கிரம் அடைபட்டுவிடும். இந்த ஆற்றங்கரையின் இசையைப் பதிந்த கைகள் மிகக் குறைவு: இசைத்தட்டுக் கம்பெனி, வானொலி, ஆய்வாளர், கேசட் போட்டவர், சொந்த ஆசையால் டேப் வாங்கிய ரசிகர். ஒவ்வொருவருக்கும் ஒரு காலம் உண்டு, பதிந்ததற்கு ஒரு காரணம் உண்டு, வைத்துப்போன ஓரிடமும் உண்டு. தாத்தா பாடிய காலத்தில் எந்த இயந்திரம் அவருக்கு எதிரே இருந்திருக்கும், அதைக் கொண்டுவந்தவர் யார் என்று முதலில் கேட்டுக்கொண்டால் தேட வேண்டிய இடம் பாதிக்குமேல் சுருங்கிவிடும்.

முதலில் கம்பெனிகள். 1902 நவம்பரில் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிந்ததோடு இந்தியாவில் கிராமபோன் கம்பெனியின் தொழில் வேர்விட்டது. அடுத்து 1904-05இல் வந்த பயணத்தில் சென்னைக் கலைஞர்களும் பதிவானார்கள். அந்தக் காலத்தில் இங்கே பதிந்த மெழுகு ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலில் போய், தட்டாக அச்சாகித் திரும்பி வரும். அங்கே இருக்கும் தொழிலாளிக்குப் பாடியவர் யார் என்று தெரிய வேண்டுமே என்பதற்காகப் பாட்டு முடிந்ததும் பாடகரே தன் பெயரை உரக்கச் சொல்லும் வழக்கம் வந்தது. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை தொடங்கியபின் அந்தத் தேவை குறைந்தது. தொடக்ககாலத் தட்டு கையில் கிடைத்தால் கடைசிச் சில நொடிகளைக் கவனமாகக் கேட்க வேண்டும். லேபிள் கிழிந்துபோன தட்டுக்கு அதுவே அடையாளச் சீட்டு.

இங்கே திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒரு சங்கடம். கம்பெனிகள் தெற்கே வந்து பதிவதைவிடக் கலைஞர்களைச் சென்னைக்கு வரவழைத்தே பெரும்பாலும் பதிந்தன. ரயிலேறிப் போக வசதியும், சென்னையில் சொல்லிவிட ஆளும், சபாவிலோ நாடக மேடையிலோ ஏற்கெனவே சம்பாதித்த பெயரும் வேண்டியிருந்தது. நாடகக்காரர்களுக்கு இந்த மூன்றும் இருந்தன. கொழும்பிலிருந்து ரங்கூன் வரை கொட்டகை போட்ட குழுக்கள் அவை. கிட்டப்பாவும் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் முதலில் ஒரே மேடையில் நின்றதே கொழும்பில்தான். ஆகவே இந்த வட்டாரத்து மூதாதையர் ஒருவரின் குரல் 1935க்கு முன்னால் தட்டில் ஏறியிருந்தால், அவர் நாடகத்தோடு தொடர்புடையவராக இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களும் அவர் வழிவந்த மேடைப் பாட்டுகளும் அன்றைய தமிழ்த் தட்டு வியாபாரத்தின் முதுகெலும்பு.

தட்டைத் தேடுகிறவர் லேபிளைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். லேபிளில் அச்சடித்த எண் விற்பனை எண். நடுவில் லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான இடத்தில் கீறியிருக்கும் எண்தான் பதிவு எண்; அதை வைத்தே பதிந்த காலத்தையும் பதிந்த பயணத்தையும் கண்டுபிடிப்பார்கள். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கின்னியர் இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு கிராமபோன் கம்பெனியின் தொடக்ககால இந்தியப் பதிவுகளுக்கு ஆண்டுவாரியாகப் பட்டியல் தயாரித்தார். 1908 வரைக்குமான தொகுதி 1994இல் வந்தது. மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கமும், சுரேஷ் சாந்த்வன்கர் போன்றவர்களின் உழைப்பும் இந்தத் துறைக்கு இந்தியாவிலேயே ஒரு மேடை கொடுத்தன. இன்னொரு செய்தியும் தேடுகிறவருக்கு உதவும். எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் என்று லேபிள்கள் பலவாக இருந்தாலும் 1931க்குப் பிறகு அவற்றின் தாய் நிறுவனங்கள் இ.எம்.ஐ. என்ற ஒரே குடையின்கீழ் வந்துவிட்டன. அதன் பழைய பேரேடுகளில் பல இங்கிலாந்தின் ஹேய்ஸில் உள்ள இ.எம்.ஐ. ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இந்திய உரிமை சரிகம நிறுவனத்திடம் வந்தது. தென்னிந்தியாவில் ஓடியன் தட்டுகளை விற்ற சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஏவி. மெய்யப்பச் செட்டியார் படமுதலாளி ஆவதற்கு முன் கூட்டாளிகளோடு நடத்திய கடை.

லேபிள் சொல்லாமல் விடுவது சொல்வதைவிட அதிகம். முதன்மைப் பாடகரின் பெயர் இருக்கும், ராகம் இருக்கும், சில நேரம் தாளமும் இருக்கும். ஹார்மோனியம் வாசித்தவர், மிருதங்கம் வாசித்தவர், ஒத்து ஊதியவர் பெயர் இருக்காது. என் பார்வையில் இந்தத் தேடலின் மிகப்பெரிய அநீதி இதுதான். பக்கவாத்தியக்காரரின் பேரன் தன் தாத்தாவை ஏற்கெனவே பலமுறை கேட்டிருப்பான், யாரென்று தெரியாமலே. அவனுக்கு உதவக்கூடியவை தட்டுக்கு வெளியே இருக்கும் காகிதங்கள்: கம்பெனிகள் தமிழில் அச்சிட்ட விலைப்பட்டியல்கள், பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள், அந்தக் காலப் பத்திரிகை விளம்பரங்கள். நாடக நோட்டீசில் ஹார்மோனியச் சக்கரவர்த்தியும் மிருதங்கப் புலியும் கொட்டை எழுத்தில் இருப்பார்கள். ஒரு பருவத்தில் ஒரு பாடகரோடு யார் யார் பயணம் செய்தார்கள் என்று நோட்டீசில் உறுதி செய்துகொண்டு, அதே பருவத்துத் தட்டைக் கேட்டால், ஊகமாவது நிற்க ஓர் இடம் கிடைக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த தொகுப்பிலிருந்து 1994இல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இந்த வகைக் காகிதங்களும் இசைத்தட்டுகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. சு. தியடோர் பாஸ்கரன் 1981இல் எழுதிய ஆங்கில நூலும், பிறகு ஸ்டீபன் ஹியூஸ் எழுதிய கட்டுரைகளும் நாடகமும் கிராமபோனும் சினிமாவும் எப்படி ஒன்றுக்குள் ஒன்று போயின என்று காட்டுகின்றன. தேடப் போகிறவர் அவற்றை முதலில் படித்துவிட்டால் அலைச்சல் குறையும்.

பெண்களின் குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொடக்ககாலத் தமிழ்நாட்டுத் தட்டுகளில் பெண் குரல் நிறைய. கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி போன்ற பெயர்களில் ஊர் முன்னால் நிற்கும், தந்தை பெயர் இருக்காது. தேவதாசி மரபில் வந்த பலர் இப்படித்தான் பதிவானார்கள். 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் வந்த காலத்தையொட்டிப் பல குடும்பங்கள் தங்கள் பழைய அடையாளத்தை வேண்டுமென்றே மறைத்தன. பாட்டியின் தட்டு உடைந்துபோகவில்லை, ஒளித்துவைக்கப்பட்டது. பிறகு யாரும் எடுக்கவில்லை. இந்தக் குடும்பங்களில் தேடும் பேத்திக்குப் பதிவு கிடைப்பதைவிடக் கடினமானது வீட்டில் கேட்பதுதான். அங்கே அவசரப்படக் கூடாது.

இசைத்தட்டிலிருந்து நாதஸ்வரத்துக்கு வந்தால் காருகுறிச்சி பி. அருணாசலத்தைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. 1921இல் சேரன்மகாதேவிக்கு அருகே ஆற்றங்கரை ஊரான காருகுறிச்சியில் பிறந்தவர்; திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர்; கோவில்பட்டியில் வாழ்ந்து 1964இல் மறைந்தவர். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாதஸ்வரம் ஆபேரியில் போட்டி போட்டதை அறியாத தமிழர் குறைவு. ஒரே கலைஞரின் இசை எத்தனை வழிகளில் தங்க முடியும் என்பதற்கு அவர் நல்ல பாடம். கம்பெனித் தட்டு ஒரு வழி. சினிமா ஒரு வழி. வானொலி ஒரு வழி. நான்காவது வழிதான் அருமையானது. 1950களில் ஸ்பூல் டேப் இயந்திரம் வாங்கும் வசதி படைத்த சில ரசிகர்கள் கல்யாண வீட்டிலும் கோயில் கச்சேரியிலும் மணிக்கணக்கில் பதிந்தார்கள். கம்பெனித் தட்டில் மூன்று நிமிடத்துக்குள் சுருங்கிய ராகம் இந்தப் பதிவுகளில் கால்நீட்டி உட்கார்ந்திருக்கிறது. தவில்காரரின் தனியும் கூட்டத்தின் ஆரவாரமும் அவற்றில் முழுசாகக் கேட்கும். அந்த டேப்புகள் கைமாறிக் கைமாறி, நகலுக்கு நகலாகி, இன்று ரசிகர்களின் பகிர்வுக் குழுக்களில் உலவுகின்றன. நாதஸ்வரக் குடும்பத்தார் தேட வேண்டிய முதல் இடம் இந்த ரசிகர் வட்டம் என்பேன். கம்பெனிக் காப்பகத்துக்கு அப்புறம் போகலாம்.

ரசிகர் டேப்பிலும் பெயர்ச் சிக்கல் உண்டு. பெட்டியின்மேல் "காருகுறிச்சி – தோடி – கல்யாணம்" என்று பென்சிலில் எழுதியிருக்கும். யார் வீட்டுக் கல்யாணம், எந்த ஆண்டு, தவில் யார், இரண்டாவது நாதஸ்வரம் யார் என்பதெல்லாம் பதிந்தவர் மனதில் மட்டும் இருந்தது. அவர் போனதும் அதுவும் போயிற்று. கல்யாணப் பத்திரிகை, வீட்டுக் கணக்கு நோட்டு, மேளத்துக்குக் கொடுத்த அச்சாரச் சீட்டு ஆகியவற்றில் ஏதாவது கிடைத்தால் அந்த டேப்பின் தேதியைக் கட்டிவிடலாம்.

வானொலி வேறு மாதிரி. சென்னை நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மேயிலும் அகில இந்திய வானொலியின் பகுதியாக ஒலிக்கத் தொடங்கின. திருநெல்வேலிக்கு நிலையம் வர 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது பாளையங்கோட்டையில் அமைந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் இந்த வட்டாரக் கலைஞர் வானொலியில் வாசித்திருந்தால், அது பெரும்பாலும் திருச்சியிலோ சென்னையிலோதான். தொடக்கத்தில் நிகழ்ச்சிகள் நேரடியாகவே போயின, பதிவே கிடையாது. டேப் வந்தபின்னும் நாடா விலை அதிகம். ஒலிபரப்பு முடிந்த நாடாவை அழித்து அடுத்த நிகழ்ச்சியைப் பதிவது அன்றைய நடைமுறை. தப்பியவை டெல்லி மத்தியக் காப்பகத்துக்கோ நிலைய நூலகத்துக்கோ போயின. ஆகவே வானொலிப் பதிவைத் தேடுகிறவர் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். பாடியதற்குச் சான்று கிடைக்கும், பாட்டு கிடைக்காமல் போகலாம். சான்றுக்கு இரண்டு இடங்கள்: வீட்டுப் பெட்டியில் இருக்கும் வானொலி ஒப்பந்தத் தாள், நிகழ்ச்சி நிரலைத் தேதி, நேரத்தோடு அச்சிட்ட 'வானொலி' இதழ். இந்த இரண்டும் கையில் இருந்தால் நிலையத்தில் கேட்கும்போது "எந்த வருஷம்னு தெரியல" என்று நிற்க வேண்டியிருக்காது. இலங்கை வானொலியையும் மறந்துவிடக் கூடாது. தென்கோடி மாவட்டங்கள் ஒரு காலத்தில் சென்னையைவிடக் கொழும்பை அதிகம் கேட்டன. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தட்டு நூலகம் பெரியது. தமிழ்நாட்டில் கிடைக்காத பழைய தமிழ்த் தட்டைத் தேடுகிறவர் அங்கேயும் விசாரித்துப் பார்க்கலாம்.

இனி வருவதுதான் இந்த ஆற்றங்கரைக்கே உரிய கேள்வி. தாமிரபரணிச் சமவெளியில் மக்கள் அதிகம் கேட்ட இசை எது? சபாக் கச்சேரி இல்லை, நாடகம்கூட இல்லை. கொடை விழாவின் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நையாண்டி மேளமும்தான். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் ஊர் ஊராக, இரவு முழுவதும், மைக் செட்டுக் கூம்பு வழியாக வயல்வெளி தாண்டிக் கேட்ட இசை. இவ்வளவு பேர் கேட்ட இதைத்தான் இயந்திரங்கள் மிகக் குறைவாகப் பதிந்தன. காரணம் பெரும்பகுதி கால அளவு. ஓர் இரவுக்கதையை மூன்று நிமிடத் தட்டில் எப்படி ஏற்றுவது? கம்பெனி ஒரு துணுக்கைக் கேட்கும். துணுக்கைத் தனியாகப் பாடினால் அது வில்லே இல்லை. சாமியாடுகிறவருக்கு அருள் இறங்குவதும் கதை திரும்புவதும் ஒன்றோடொன்று பின்னியவை. மேல்தட்டு ரசனையின் அலட்சியமும் இதில் சேர்ந்துகொண்டது.

சத்திரபுதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் இந்தச் சிக்கலை வேறு வழியில் தாண்டினார். வில்லைக் கொடை மேடையிலிருந்து சென்னை மேடைக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார். கதையை நேரத்துக்குள் அடக்கினார். காந்தியையும் சமூகச் செய்தியையும் பாடினார். 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, 2022இல் மறைந்தார். அவருடைய பதிவுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வானொலி அளவுக்கு வெட்டிய வில்லும் கொடை வில்லும் வேறு வேறு. கொடைகளில் வில்லுக் குழுவை நடத்திப் பாடும் ஊர் அண்ணாவி ஒருவரின் பேரன் வானொலிப் பதிவைக் கேட்டுவிட்டுத் தன் தாத்தா இப்படித்தான் பாடியிருப்பார் என்று நினைத்தால் ஏமாந்துபோவான்.

ஊர் அண்ணாவியின் குரல் எங்கே இருக்க முடியும்? முதலில் கேசட். 1980களில் கேசட் மலிவாகிச் சிறு கடைக்காரர்களும் பதிவாளர்களாக மாறினார்கள். ஒரு கதைக்கு நான்கைந்து கேசட் கொண்ட பெட்டிகள் திருநெல்வேலி, நாகர்கோவில் கடைகளில் விற்றன. பெண்கள் தலைமையேற்ற குழுக்களின் பெயர்களும் அவற்றில் வந்தன. பிறகு சி.டி., வி.சி.டி. இரண்டாவது, மைக் செட்டுக்காரர்கள். கொடைக்கும் கல்யாணத்துக்கும் செட்டுக் கட்டிய இவர்களிடம் தட்டுப் பெட்டியும் கேசட் பெட்டியும் இருந்தன. மேடையில் போகும் ஒலியை ஆசைக்காகப் பதிந்துவைத்தவர்களும் உண்டு. இந்தக் கடைகள் பல கைமாறிவிட்டன, பெட்டிகள் பரணில் ஏறிவிட்டன. நான் ஒரு வில்லுப்பாட்டுக் குடும்பத்தவனாக இருந்தால் பல்கலைக்கழக நூலகத்துக்கு முன்னால் தாத்தா அடிக்கடி பாடிய ஊர்களின் மைக் செட்டுக்காரர்களைத்தான் தேடிப்போவேன். கோயில் வரிதாரர்களிடம் இருக்கும் கொடைக் கணக்கு நோட்டில் எந்த ஆண்டு எந்த வில்லு, எவ்வளவு சம்பளம், யார் மைக் செட்டு என்று எழுதியிருக்கும். அந்த நோட்டு இந்தத் தேடலுக்கு எந்த அரசு ஆவணத்தைவிடவும் பயன்படும்.

மூன்றாவது, ஆய்வாளர்கள். நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை 1960களிலேயே தோழர்களைக்கொண்டு நாட்டுப்பாடல்களைச் சேகரித்து 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுதியை வெளியிட்டார். பாட்டின் அடியில் உதவியவர், சேகரித்தவர், இடம் என்று குறிப்புகள் இருப்பதைப் பார்க்கலாம். குரல் அதில் இல்லை. பாடியவர் யார் என்ற தடயம் இருக்கிறது. அமெரிக்கரான ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970களின் இறுதியில் தென்கோடியில் தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் நூலாக்கினார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும், 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் வந்தபின், ஆய்வு மாணவர்கள் கையில் டேப் ரிக்கார்டரோடு கொடைகளுக்குப் போனார்கள். அவர்களின் ஆய்வேடுகளின் கடைசிப் பக்கங்களில் தகவலாளர் பட்டியல் இருக்கும்: பெயர், வயது, ஊர், தொழில், பதிந்த நாள். ஆய்வேட்டை யாரும் முழுக்கப் படிப்பதில்லை. பின்னிணைப்பை மட்டும் புரட்டினால்கூட ஒரு பாட்டியின் பெயர் கண்ணில் படலாம். பட்டியலில் பெயர் இருந்தால் கேசட்டும் இருந்திருக்கிறது என்று பொருள். அதன்பின் எழுதியவரைத் தேட வேண்டும். அவர் இப்போது எங்காவது ஆசிரியராகவோ ஓய்வு பெற்றோ இருப்பார், கேசட் அவர் வீட்டு அலமாரியில் இருக்கும்.

ஆய்வாளர் பதிந்தது பாடியவரின் ஊருக்குத் திரும்பிவர வேண்டும் என்ற எண்ணம் உலகில் மெல்லத்தான் வலுப்பெற்றது. டச்சு அறிஞர் ஆர்னால்ட் பேக் 1938இல் தென்னிந்தியாவில் பயணம் செய்து பதிந்தார். 1984இல் நாஸிர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளைக் கையோடு எடுத்துக்கொண்டு அதே வழியில் திரும்பப் போய், பாடியவர்களையும் அவர்களின் வாரிசுகளையும் தேடிப் போட்டுக் காட்டினார்கள். அமெரிக்காவில் 1979இல் நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டார் வழக்காற்று மையம், பூர்வகுடிப் பாடல்களைப் பதிந்த பழைய மெழுகு உருளைகளை நகலெடுத்து அந்தந்தக் குடிகளிடமே சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியின் முகாம்களில் சிறையிருந்த இந்தியச் சிப்பாய்களின் குரல்கள் பெர்லினில் இருப்பது, 2007இல் வந்த ஓர் ஆவணப்படத்தால் பரவலாகத் தெரியவந்தது. இந்தியாவில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் 1982இல் தொடங்கிய இசைக் காப்பகம் அயல்நாட்டு ஆய்வாளர் பதிவுகளின் நகலை இந்தியாவுக்குக் கொண்டுவரவே ஏற்பட்டது. இன்று குருகிராமில் இருக்கிறது. சென்னையில் 1980இல் தொடங்கிய சம்பிரதாயா இசைக் காப்பகத்தின் தொகுப்பும் தென்னிந்திய இசைக்கு முக்கியமானது. மொழியியலாளர் கிரியர்சனின் இந்திய மொழி அளவாய்வுக்காகப் பதிந்த தட்டுகளில் சென்னை மாகாணத்து மொழிகளும் உண்டு. அவற்றை இன்று இணையத்திலேயே கேட்கலாம். இந்த நிறுவனங்களுக்கு எழுதும்போது தாத்தா பெயரோடு ஊர், வட்டம், பழைய மாவட்டம் மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், 1949 முதல் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது, பிறகு திருநெல்வேலி மாவட்டம், 2019 முதல் தென்காசி மாவட்டம். தூத்துக்குடிப் பக்கம் 1986 வரை திருநெல்வேலிதான். காப்பகப் பட்டியலில் பதிவு எந்தப் பெயரின் கீழ் கிடக்கிறதோ!

கிடைத்தபின் என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிடைத்த இடத்திலேயே கெடுத்தவர்கள் உண்டு. பழைய தட்டை எல்.பி. ஊசியில் போடக் கூடாது. அகலமான பள்ளத்துக்கென்று தனி ஊசி உண்டு. பழைய கிராமபோன் பெட்டியின் எஃகு ஊசி ஒவ்வொரு முறையும் தட்டைத் தேய்க்கும், ஆசைக்காகக்கூட வைக்க வேண்டாம். சாராயம் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்கக் கூடாது, அரக்கு அதில் கரைந்துவிடும். உடைந்த தட்டையும் தூக்கி எறிய வேண்டாம். துண்டுகளைத் தொடாமல் ஒளியால் படமெடுத்து ஒலியாக மாற்றும் முறை அமெரிக்காவில் இருக்கிறது. இன்று நமக்கு எட்டாவிட்டாலும் நாளை எட்டலாம். வேகத்திலும் கவனம் வேண்டும். எழுபத்தெட்டு சுற்று என்று சொன்னாலும் தொடக்ககாலத் தட்டுகள் அதற்குக் கூடவோ குறையவோ சுற்றியவை. தவறான வேகத்தில் நகலெடுத்தால் தாத்தாவின் சுருதியும் வயதும் மாறிப்போகும். அவர் எத்தனை கட்டையில் பாடுவார் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் நகலெடுப்பவரிடம் அதைச் சொல்லுங்கள். கேசட்டை முதலில் சுற்றிப் பார்க்காமல் நேராகப் போடுவதும் ஆபத்து. ஈரத்தில் பூத்த நாடா ஒட்டிக்கொண்டு அறும்.

உரிமைக் கேள்வி பலரைப் பயமுறுத்துகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியிட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அப்படியானால் 1964 வரை வெளிவந்த தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது; கிட்டப்பாவின் தட்டுகள் அதில் அடங்கும். பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் உரிமை வேறு கணக்கு, அவர்கள் இறந்தபின் 60 ஆண்டு. தட்டில் பாட்டுரிமை எப்படி ஒருவர் கையில் சிக்கும் என்பதற்கு எட்டயபுரத்துப் பாரதியே சாட்சி. கடையத்திலும் திருவல்லிக்கேணியிலும் பாடிய அவர் குரல் எந்தத் தட்டிலும் இல்லை; ஆனால் அவர் பாடல்களைத் தட்டில் பதியும் உரிமை வியாபாரிகள் கைமாறி, கடைசியில் ஏவி.எம். வசம் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பி, 1949இல் அரசே உரிமையைப் பெற்றுப் பின்னர் பொதுவாக்கியது. ஆ. இரா. வேங்கடாசலபதி இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். ஆய்வாளர் கேசட்டுக்கும் ரசிகர் டேப்புக்கும் சட்டத்தைவிட மரியாதைதான் வழிகாட்ட முடியும். பதிந்தவர் சம்மதம், பாடியவர் குடும்பத்தின் சம்மதம் இரண்டும் வேண்டும். கொடையில் சாமியை அழைக்கும் பகுதியைக் கண்ட இடத்தில் ஒலிக்கவிட அந்தக் குடும்பம் விரும்பாது. அதைப் பொதுவில் ஏற்றாமல் வைத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நகல் எடுத்தால் வீட்டில் ஒன்று, ஊருக்கு வெளியே காப்பகத்தில் ஒன்று என்று வைக்க வேண்டும். 1985இல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய புத்தகங்களோடு பழைய தட்டுகளும் போயின. ஒரே இடத்தில் இருக்கும் எதற்கும் அதுதான் கதி. நகலோடு சேர்த்து வீட்டில் இருக்கும் வயதானவர் சொல்வதையும் பதிந்துவிட வேண்டும். பாட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தால் அவர் சொல்வார், இது யார் தவில், இந்த இடத்தில் ஏன் நிறுத்தினார், இந்த மேளம் எந்த ஊரில் நடந்தது என்று. தட்டு இன்னும் சில ஆண்டு காத்திருக்கும். அவர் காத்திருக்க மாட்டார்.

இன்று கொடையில் பதிவுக்குக் குறைவில்லை. சாமக்கொடை நேரத்தில் கூட்டத்தின் ஒவ்வொரு கையிலும் கைபேசி உயர்கிறது. மறுநாளே யூட்யூபில் ஏறுகிறது. தலைப்பில் சாமியின் பெயர் இருக்கும், ஊர்ப்பெயர் இருக்கும், சில நேரம் கேமரா வைத்தவரின் அலைவரிசைப் பெயர் இருக்கும். குடம் அடித்தவர், உடுக்கை அடித்தவர், ஜால்ரா தட்டியவர் பெயர் இருப்பதில்லை. அண்ணாவி பெயரே பாதிப் பதிவுகளில் இல்லை. பழைய தட்டு லேபிளில் காணாமல்போன அதே ஆட்கள் இங்கேயும் காணாமல் போகிறார்கள். பதிகிறவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. வில்லு தொடங்குமுன் மைக்கில் ஒருவர் அண்ணாவியின் பெயரையும், வலப்புறம் இடப்புறம் உட்கார்ந்திருப்பவர்களின் பெயரையும், அவரவர் ஊரையும், பாடப்போகும் கதையையும், அன்றைய தேதியையும் வாய்விட்டுச் சொல்லட்டும். அதையும் சேர்த்துப் பதியுங்கள்.